ஸ்டெர்லிங் ஹேடன்: கடலுக்கு அஞ்சாதவர் அஞ்சிய நாள்

'தி அஸ்பால்ட் ஜங்கிள்' படத்தில் ஒரு சின்னக் காட்சி. நகைக்கடைக் கொள்ளைக்கு முன்பணம் போட்ட பந்தயத் தரகன் கோபியை ஒரு போலீஸ் அதிகாரி அறைகிறார். இத்தனை நாளும் அவனிடமே மாமூல் வாங்கிவந்தவர்தான் அவர். சில அறைகள் விழுந்ததுமே கோபி அழுது கரைந்து, கூட்டாளிகளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட ஒப்புக்கொள்கிறான்.

கோபியாக நடித்தவர் மார்க் லாரன்ஸ். படம் 1950-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் வாஷிங்டனில் ஒரு காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த கம்யூனிஸ்டுகளின் பெயர்களைச் சொன்னார். அதே மாதம் 10-ஆம் தேதி, அதே குழுவின் முன், அதே படத்தின் நாயகனும் உட்கார்ந்தார். அவரும் பெயர்களைச் சொன்னார். அவர்தான் ஸ்டெர்லிங் ஹேடன்.

ஆறடி ஐந்தங்குல உயரம். இருபத்திரண்டு வயதில் பாய்மரக் கப்பலுக்குக் கேப்டனாகி அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து பசிபிக் தீவான டஹிட்டி வரை போனவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கண்ணில் மண்ணைத் தூவி அட்ரியாடிக் கடலில் ஆயுதம் கொண்டுசென்று பதக்கம் வாங்கியவர். அப்படிப்பட்ட ஒருவர், எதிரே துப்பாக்கி எதுவும் இல்லாத ஓர் அறையில் உடைந்துபோனார். அந்த உடைவு அதன்பிறகு அவர் முகத்தைவிட்டுப் போகவில்லை. அவருடைய நல்ல படங்கள் பெரும்பாலும் 1951-க்குப் பிந்தியவை என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவர் பிறந்தது 1916 மார்ச் 26 அன்று, நியூ ஜெர்சி மாநிலத்தின் அப்பர் மான்ட்கிளேரில். ஒன்பது வயதில் தந்தை இறந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டார். 'ஹேடன்' என்பது மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயர். குடும்பம் நியூ இங்கிலாந்தின் கடலோர ஊர்களில் இடம் மாறி இடம் மாறி வாழ்ந்தது. பள்ளிக்கூடம் பையன் மனத்தில் ஒட்டவில்லை, கடல் ஒட்டிக்கொண்டது. பதின்ம வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு ஸ்கூனர் எனப்படும் பாய்மரக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகிலுள்ள கிராண்ட் பேங்க்ஸ் மீன்பிடிப் பரப்பில் வலையும் தூண்டிலும் பழகினார். 'யாங்கி' என்ற ஸ்கூனரில் உலகைச் சுற்றினார்.

1938 அவருக்கு முக்கியமான ஆண்டு. அந்தக் காலத்தில் மாசசூசெட்ஸின் குளஸ்டர் துறைமுகத்து மீன்பிடி ஸ்கூனர்களுக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியா ஸ்கூனர்களுக்கும் இடையே பந்தயம் நடக்கும். உல்லாசப் படகுகளின் பந்தயம் அல்ல அது. வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடிக்கும் கப்பல்கள் மோதிக்கொள்ளும் பந்தயம். அந்த வரிசையின் கடைசிப் பந்தயத்தில் கனடாவின் 'புளூநோஸ்' 3-2 என்ற கணக்கில் வென்றது. கனடாவின் பத்து செண்ட் நாணயத்தில் இன்றும் பாய் விரித்திருப்பது இந்தக் கப்பல்தான். தோற்ற அமெரிக்க ஸ்கூனரான 'கெர்ட்ரூட் தெபோ'வில் திசையும் தூரமும் கணித்துச் சொல்லும் மாலுமியாக இருந்தவர் ஹேடன். பந்தயத்தைப் பற்றி எழுத வந்த பத்திரிகைக்காரர்களின் கண், பொன்னிறத் தலைமுடியும் தேக்குமர உடம்பும் கொண்ட இந்த இளைஞன்மீது விழுந்தது. சினிமா நாயகனைப் போல இருக்கிறான் என்று எழுதினார்கள். அது ஹாலிவுட்டின் காதுக்கும் போனது.

1940-இல் பாரமவுண்ட் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அன்றைய ஸ்டுடியோ ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் ஏழு வருடக் கட்டு. வாரச் சம்பளம் வரும். எந்தப் படம், எந்த வேடம், எந்த நாயகியோடு என்பதையெல்லாம் ஸ்டுடியோ முடிவுசெய்யும். வேண்டாம் என்று நிறுவனம் நினைத்தால் இடையில் கழற்றிவிடலாம். நடிகர் நினைத்தால் முடியாது. திரைப்படங்களிலேயே மிக அழகான ஆண்மகன் என்று பாரமவுண்ட் அவரை விளம்பரம் செய்தது. ஹேடனுக்கு நடிப்பில் ஆசையும் இல்லை, பயிற்சியும் இல்லை. சொந்தமாக ஒரு கப்பல் வாங்கப் பணம் வேண்டும், அவ்வளவுதான். வாழ்நாள் முழுவதும் அவர் இதை மாற்றிச் சொல்லவே இல்லை.

முதல் படமான 'வர்ஜீனியா' 1941-இல் வந்தது. நாயகி மேடலின் கரோல், அன்று புகழின் உச்சியில் இருந்த ஆங்கில நடிகை. அடுத்த படத்திலும் அதே ஜோடி. 1942-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். இந்தப் பெண்மணியைப் பற்றி ஒன்று சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. லண்டன்மீது நடந்த குண்டுவீச்சில் தங்கையைப் பறிகொடுத்த அவர், நட்சத்திர வாழ்க்கையை விட்டுவிட்டு இத்தாலியில் போர்முனை மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களுக்குப் பணிவிடை செய்தார். போர் முடிந்தபோது அந்தத் திருமணமும் முடிந்திருந்தது.

ஹேடனும் கேமராவைவிட்டு ஓடினார். அமெரிக்க மரைன் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். சினிமாக்காரன் என்ற அடையாளம் தன் முன்னால் போகக்கூடாது என்பதற்காகத் தன் பெயரையே ஜான் ஹாமில்டன் என்று சட்டப்படி மாற்றிக்கொண்டார். அதிகாரியாகத் தேறியதும், பின்னாளில் சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடி என்று அறியப்பட்ட ஓ.எஸ்.எஸ். என்னும் உளவு அமைப்பு அவரை எடுத்துக்கொண்டது.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. அட்ரியாடிக் கடலின் ஒரு கரையில் நேச நாட்டுப் படைகள். எதிர்க்கரையான யூகோஸ்லாவியாவில் ஜெர்மானியரை எதிர்த்து மலைகளிலும் தீவுகளிலும் போராடிய டிட்டோவின் கெரில்லாப் படை. அவர்களுக்கு ஆயுதமும் மருந்தும் உணவும் போய்ச்சேர வேண்டும். பாரி நகருக்குத் தெற்கே உள்ள மொனோபொலி என்ற சிறு துறைமுகத்தில் ஹேடன் உட்காரவைக்கப்பட்டார். கையில் இருந்தவை யூகோஸ்லாவியர்களின் பழைய மரக்கலங்கள். நிலவில்லாத இரவுகளில், ஜெர்மானிய ரோந்துப் படகுகளுக்கும் விமானங்களுக்கும் தப்பி, விஸ் தீவு வரை சரக்கு போனது. 1943 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தொடங்கி 1944 ஜனவரி 2 வரை எதிரி நடமாடிய கடலிலும் நிலத்திலும் அவர் செய்த பயணங்களுக்காக அமெரிக்கா வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கொடுத்தது. டிட்டோவின் அரசும் விருது கொடுத்தது.

அந்தக் கெரில்லாக்களை அவர் மறக்கவில்லை. கிழிந்த காலணியோடு சண்டைபோட்ட அந்த ஆண்களும் பெண்களும் கம்யூனிஸ்டுகள். அவர்களோடு ஒரே படகில் உயிரைப் பணயம் வைத்துவிட்டு ஹாலிவுட்டின் நீச்சல்குள விருந்துகளுக்குத் திரும்பியபோது அவருக்குக் குற்ற உணர்ச்சி. 1946-இல் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கூட்டங்களும் பாடநூல் வாதங்களும் சலித்துப்போயின. சுமார் ஆறே மாதத்தில் விலகிவிட்டார். படகில் பார்த்தது ஒன்று, கூட்டத்தில் கேட்டது வேறொன்று. இந்த ஆறு மாதம்தான் பிறகு அவர் கழுத்தில் கல்லாகத் தொங்கியது.

விசாரணைக் குழு எப்படி இயங்கியது என்று தெரியாமல் 1951 ஏப்ரலைப் புரிந்துகொள்ள முடியாது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் 'அமெரிக்க விரோத நடவடிக்கைகள் விசாரணைக் குழு' 1947-இல் முதல்முறையாக ஹாலிவுட்மீது பெரிய அளவில் கை வைத்தது. நீ கம்யூனிஸ்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர், அமெரிக்க அரசியல் சட்டத்தில் பேச்சுரிமையைக் காக்கும் முதலாவது திருத்தத்தைத் தங்களுக்கு அரணாகக் காட்டினார்கள். அரண் நிற்கவில்லை, பத்துப் பேரும் பின்னர் சிறைக்குப் போனார்கள். 1947 நவம்பரிலேயே ஸ்டுடியோ முதலாளிகள் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூடி, அவர்களுக்கு இனி வேலை இல்லை என்று அறிவித்தார்கள். கருப்புப் பட்டியல் பிறந்தது. அந்தப் பத்துப் பேருக்கு ஆதரவாக ஹம்ஃப்ரி போகார்ட், லாரன் பகால், இயக்குநர் ஜான் ஹியூஸ்டன் முதலியோர் வாஷிங்டனுக்கு விமானத்தில் போனார்கள். அந்த விமானத்தில் ஹேடனும் இருந்தார்.

நான்கு ஆண்டுக்குப் பிறகு குழு மறுபடி கூடியபோது சட்டம் இன்னும் இறுகியிருந்தது. தன்னைத் தானே குற்றவாளியாக்கிக்கொள்ளத் தேவையில்லை என்று சொல்லும் ஐந்தாவது திருத்தத்தை ஒருவர் காட்டலாம். சிறை இல்லை, ஆனால் மறுநாளே வேலை போய்விடும். சரி, என்னைப் பற்றிச் சொல்கிறேன், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்று நடுவழி ஒன்று உண்டா? அதையும் உச்ச நீதிமன்றம் 1951 பிப்ரவரியில் அடைத்துவிட்டது. தான் கட்சியில் இருந்ததாக ஒருவர் வாய்திறந்து ஒப்புக்கொண்ட பிறகு, உடன் இருந்தவர்களைப் பற்றிய கேள்விக்கு ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி ஒதுங்க முடியாது என்பது தீர்ப்பு. ஒரு கதவுதான் திறந்திருந்தது. உள்ளே போக வேண்டுமானால் நண்பர்களின் பெயரைக் கட்டணமாகக் கொடுக்க வேண்டும்.

என்னை மிகவும் உறுத்துவது இதுதான்: குழுவுக்கு அந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை. பெரும்பாலானவை ஏற்கெனவே அவர்கள் கோப்பில் இருந்தன. தேவைப்பட்டது, ஒரு மனிதன் எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொல்வது. மார்ச் 21 அன்று லாரி பார்க்ஸ் என்ற நடிகர், ஓர் ஒற்றனாகச் சேற்றில் ஊர்ந்துபோக என்னை வைக்காதீர்கள் என்று கெஞ்சினார். விடவில்லை. கடைசியில் மூடிய அறையில் பெயர்களைச் சொன்னார். அதற்குப் பிறகும் அவருடைய நட்சத்திர வாழ்க்கை மீளவில்லை.

மூன்று வாரம் கழித்து ஹேடனின் முறை. அவர் நிலைமையை எண்ணிப்பாருங்கள். 'தி அஸ்பால்ட் ஜங்கிள்' அப்போதுதான் அவருக்கு நடிகன் என்ற மரியாதையை வாங்கிக் கொடுத்திருந்தது. கொரியப் போர் 1950 ஜூனில் மூண்டிருந்தது. கம்யூனிஸ்ட் என்ற சொல்லே எதிரி என்று ஆகிவிட்டது. தன் பழைய உறுப்பினர் விவகாரத்தை எப்படியாவது தீர்த்துக்கொள்ள அவரே வழக்கறிஞர் மூலம் எஃப்.பி.ஐ.யை அணுகியிருந்தார். இரண்டாவது மனைவி, சின்னஞ்சிறு பிள்ளைகள். ஏப்ரல் 10 அன்று அவர் தடுமாற்றமில்லாமல் பேசினார். கட்சியில் சேர்ந்தது தன் வாழ்நாளில் செய்த மிக முட்டாள்தனமான காரியம் என்றார். கேட்ட பெயர்களைக் கொடுத்தார். குழு பாராட்டியது. பத்திரிகைகளும் பாராட்டின.

அவர் சொன்ன பெயர்களில் நடிகை கேரன் மார்லியின் பெயர் இருந்தது. அவருடைய திரை வாழ்க்கை அத்தோடு முடிந்தது. எழுத்தாளர் ராபர்ட் லீஸின் பெயர் இருந்தது. நகைச்சுவைப் படங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த அவர் பிறகு அரிசோனாவில் ஓர் உணவகத்தில் விருந்தினரை வரவேற்று இடம் காட்டும் வேலை பார்த்தார். இயக்குநர் ஏப்ரகாம் பொலான்ஸ்கியின் பெயரும் இருந்தது. 1948-இல் முதல் படத்தை இயக்கியவர், இரண்டாவது படத்தை இயக்க 1969 வரை காத்திருந்தார். ஹேடன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் இவர்கள் தப்பியிருக்க மாட்டார்கள் என்று சொல்லலாம். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஹேடனே அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. நான் ஏன் ஏற்க வேண்டும்?

'தி அஸ்பால்ட் ஜங்கிளை' இப்போது பார்க்கும்போது முன்கூட்டியே எழுதிவைத்த சாட்சியம்போல இருக்கிறது. அதில் அவர் டிக்ஸ் ஹேன்ட்லி என்னும் அடியாள். சில்லறைத் திருட்டும் குதிரைப் பந்தயமும்தான் பிழைப்பு. கென்டக்கியில் தன் குடும்பம் இழந்த பண்ணையைத் திரும்ப வாங்க வேண்டும் என்பது ஒரே கனவு. பணத்துக்காகப் பிடிக்காத தொழிலைச் செய்துகொண்டு வேறோர் இடத்தை எண்ணி ஏங்குபவன். கப்பலுக்காக நடித்த ஹேடனுக்கு இந்த வேடத்தில் கற்பனை செய்ய அதிகம் இல்லை. ஸ்டுடியோ தயங்கியபோதும் ஹியூஸ்டன்தான் இவரே வேண்டும் என்று நின்றார். படத்தின் முடிவில் வயிற்றோரம் குண்டுக் காயத்தோடு டிக்ஸ் இரவெல்லாம் காரோட்டி அந்தப் பண்ணைக்கு வந்துசேர்கிறான். கதவைத் திறந்து புல்வெளியில் தள்ளாடி நடந்து விழுகிறான். குதிரைகள் வந்து குனிந்து அவன் முகத்தை முகர்கின்றன. ஊருக்கு வந்துவிட்டான், உயிர்தான் இல்லை. நான் அந்தக் காட்சியை முதலில் பார்த்தது இரவு ஒரு மணிக்கு, மடிக்கணினியில். படம் முடிந்த பிறகும் திரையை மூட மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதுவரை அவர் மனத்தில் ஏக்கம்தான் இருந்தது. 1951-க்குப் பிறகு வேறொன்று சேர்ந்துகொண்டது. ஹேடனின் நடிப்பில் நுணுக்கம் என்று எதையும் காட்ட முடியாது. வசனத்தைச் சீக்கிரம் சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்பதுபோல வேகமாக, தட்டையாகச் சொல்வார். பேச்சு முடிந்ததும் அந்தப் பெரிய உடம்பு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். தன்னைத் தானே நம்பாத ஒருவர் நிற்கும் நிலை அது. கெட்டிக்கார இயக்குநர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

சாட்சியத்துக்குக் கிடைத்த கூலி, வேலை. ஐம்பதுகளில் அவர் வரிசையாக நடித்தார். மேற்கத்தியப் படங்கள், போர்ப் படங்கள், போலீஸ் படங்கள். பல மறக்கத்தக்கவை, அவரே மதிக்காதவை. நடுவில் சில, தற்செயல் என்று நம்ப முடியாத அளவுக்கு அவர் காயத்தைத் தொடுகின்றன.

1954-இல் நிக்கலஸ் ரே இயக்கிய 'ஜானி கிட்டார்'. துப்பாக்கியைக் கைவிட்டு கிட்டாரோடு அலையும் ஜானி, ஹேடன். மதுக்கூடம் நடத்தும் வியன்னா, ஜோன் கிராஃபோர்ட். ஊர்க்காரர்கள் கும்பலாகக் கிளம்பி, காயம்பட்ட டர்க்கி என்ற பையனைப் பிடிக்கிறார்கள். வங்கிக் கொள்ளையில் வியன்னாவுக்கும் பங்குண்டு என்று சொல், உன்னை விட்டுவிடுகிறோம் என்கிறார்கள். பையன் வியன்னாவைப் பார்த்து, நான் என்ன செய்ய என்று கேட்கிறான். உன்னைக் காப்பாற்றிக்கொள் என்கிறாள் அவள். அவன் பொய்யாகத் தலையாட்டுகிறான். பிறகு அவனையும் தூக்கிலிடுகிறார்கள். கும்பலுக்குத் தலைமை தாங்கும் பண்ணையாராக நடித்த வார்ட் பாண்ட், நிஜத்தில் ஹாலிவுட்டின் கம்யூனிச எதிர்ப்புச் சங்கத்தில் முன்னணியில் நின்றவர். ஹேடனுக்கு இந்தப் படமும் பிடிக்காது, கிராஃபோர்டையும் பிடிக்காது. படப்பிடிப்பில் அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டபோதும் படித்தபோதும் அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நினைக்காமல் என்னால் அதைப் பார்க்க முடிவதில்லை.

1958-இல் வந்த 'டெரர் இன் எ டெக்சாஸ் டவுன்' இன்னும் விசித்திரம். எழுதியவர் டால்டன் டிரம்போ, சிறைக்குப் போன பத்துப் பேரில் ஒருவர். திரையில் வேறொருவர் பெயரில். வில்லன் கூலியாளாக நடித்த நெட்ரிக் யங்கும் கருப்புப் பட்டியலில் இருந்தவர். நாயகன், பெயர்களைச் சொன்ன ஹேடன். கதையோ, ஊரையே விழுங்கப் பார்க்கும் பணக்காரனுக்கு அஞ்சி வாயைத் திறக்காமல் இருக்கும் மக்களைப் பற்றியது. கொல்லப்பட்ட தந்தையைத் தேடி வரும் சுவீடன் மாலுமி ஹேடன். கடைசிச் சண்டைக்குத் தெருவில் இறங்கும்போது அவர் கையில் துப்பாக்கி இல்லை. திமிங்கில வேட்டைக்கான ஈட்டி. குறைந்த செலவில் சில நாட்களில் எடுத்த படம், குறைகள் ஏராளம். ஆனாலும், பாதிக்கப்பட்டவர்களும் பாதித்தவரும் ஒரே கூலிக்கு ஒரே தெருவில் நிற்கும் அந்தப் படத்தை நான் ஒதுக்க மாட்டேன்.

இவற்றுக்கு இடையில், 1956-இல், ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி கில்லிங்'. இயக்குநருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. குதிரைப் பந்தய மைதானத்துப் பணத்தைக் கொள்ளையடிக்கக் கணக்குத் தவறாமல் திட்டம் போடும் ஜானி கிளே, ஹேடன். எல்லாம் முடிந்து விமான நிலையத்தில் பணப் பெட்டி வண்டியில் போகிறது. ஒரு பெண்மணியின் குட்டி நாய் ஓடுபாதையில் குறுக்கே பாய்கிறது. வண்டி திரும்ப, பெட்டி விழுந்து திறக்க, நோட்டுகள் விமான விசிறியின் காற்றில் சுழன்று பறக்கின்றன. கம்பி வலைக்கு இப்பால் ஹேடன் நிற்கிறார். முகத்தில் அதிர்ச்சிகூட இல்லை. எப்போதோ எதிர்பார்த்தது வந்துவிட்டது என்பதுபோலப் பார்க்கிறார். ஓடிவிடு என்று காதலி சொல்கிறாள். என்ன வித்தியாசம் என்கிறார், சோர்ந்த குரலில். போலீசார் இருவர் கண்ணாடிக் கதவு வழியாக வருகிறார்கள். நடிகனுக்குப் பயிற்சி கொடுத்து அந்தக் குரலை வரவழைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் கப்பல் கிடைத்தது. 1893-இல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்காகக் கட்டிய பழைய ஸ்கூனர். 'வாண்டரர்', அதாவது நாடோடி என்று பெயர். 1959 ஜனவரியில், மணவிலக்குக்குப் பிறகு தன் பொறுப்பில் இருந்த நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, அவர்களை அழைத்துப்போகக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவை மீறி டஹிட்டிக்குப் பாய் விரித்தார். செய்தித்தாள்கள் கொண்டாடின. தாயின் பக்கம் நின்று பார்த்தால் கொண்டாட ஒன்றுமில்லை. பசிபிக்கின் நடுவில் இருக்கும் பிள்ளைகளை நினைத்து எந்தத் தாய் தூங்குவாள்? திரும்பி வந்ததும் நீதிமன்றம் அவரைக் கண்டித்தது, தண்டனையை நிறுத்திவைத்தது.

பிறகு அவர் எழுத உட்கார்ந்தார். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கரையில் உள்ள சாசலிட்டோவில், ஓய்வு கொடுக்கப்பட்டு நின்ற 'பெர்க்லி' என்ற பழைய பயணியர் படகின் சுக்கான் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். அங்கே உருவான தன்வரலாறு 1963-இல் வந்தது. அதற்கும் கப்பலின் பெயர்தான். அந்தக் காரியத்தைச் செய்த நாள்முதல் என்மீது எனக்கு இருக்கும் அருவருப்பு உங்களுக்குத் துளிகூடப் புரியாது என்று தன் மனநல மருத்துவரிடம் சொன்னதை அதில் எழுதினார். பெயர் சொன்னவர்கள் பலர் நியாயம் கற்பித்தார்கள். இயக்குநர் எலியா கசான் செய்தித்தாளில் விளம்பரமே கொடுத்து நியாயம் பேசினார். ஹேடன் அப்படிச் செய்யவில்லை. அச்சில், தன் பெயரில், நான் கோழையானேன் என்று எழுதினார். அதனால் மார்லிக்கு வேலை திரும்பவில்லை, லீஸுக்கு இழந்த வருடங்கள் திரும்பவில்லை. அப்படியிருந்தும், அந்த எழுத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன்.

குப்ரிக் அவரை மறுபடி அழைத்தார், 1964-இல் வெளிவந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்துக்கு. ஆறு வருடமாகச் சினிமாவைவிட்டு விலகியிருந்தவர். முதல் நாள் வசனம் வரவில்லை. எத்தனை முறை எடுத்தும் நாக்கு புரளவில்லை, வியர்த்துக் கொட்டியது. அந்தத் திகில் உங்கள் கண்ணில் தெரிகிறதே, அதுவே இந்தப் பாத்திரத்துக்குப் போதுமானதாக இருக்கலாம் என்று குப்ரிக் சொன்னதாக ஹேடன் பின்னர் நினைவுகூர்ந்தார். குடிதண்ணீரில் ஃப்ளோரைடு கலப்பது கம்யூனிஸ்டுகளின் சதி என்று நம்பி அணுகுண்டு விமானங்களை ரஷ்யாமீது ஏவிவிடும் ஜெனரல் ரிப்பர் அவருக்குக் கொடுக்கப்பட்ட பாத்திரம். கீழிருந்து பார்க்கும் கேமரா, வாயில் தடித்த சுருட்டு, இமைக்காத கண்கள்.

எல்லோரும் அந்த உளறலைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு நிற்பது அதற்குப் பின்னால் வரும் சில நிமிடங்கள். அவரைத் தடுக்க வந்த அமெரிக்கப் படையிடமே அவருடைய முகாம் விழுந்துவிட்டது. விமானங்களைத் திரும்ப அழைக்கும் ரகசியக் குறியீடு ரிப்பருக்கு மட்டுமே தெரியும். பக்கத்தில் இருக்கும் ஆங்கிலேய அதிகாரியிடம், போரில் உன்னை எப்போதாவது சித்திரவதை செய்திருக்கிறார்களா என்று கேட்கிறார். அவர்கள் வந்து என்னை அடித்துக் கேட்பார்கள், நான் எவ்வளவு தாங்குவேன் என்று தெரியவில்லை என்கிறார். குரலில் வெறி அடங்கிவிட்டது. களைத்த ஒரு மனிதர் தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்வதுபோல இருக்கிறது. பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறார். துப்பாக்கி வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. வசனத்தை எழுதியவர்கள் ஹேடனை மனத்தில் வைத்து எழுதினார்களா என்பது இங்கே முக்கியமில்லை. 1951-இல் அந்தக் கேள்விக்குத் தன் பதில் என்ன என்று தெரிந்துகொண்ட ஒருவர் அதைச் சொல்கிறார். அதைத்தான் நான் கேட்கிறேன்.

'வாண்டரர்' அதற்குள் கைமாறியிருந்தது. 1964-இல் தென் பசிபிக்கில் ரங்கிரோவா பவளத் தீவில் மோதி அழிந்தது.

1972-இல் 'தி காட்ஃபாதர்'. மாஃபியா தலைவரின் மகன் மைக்கேலின் தாடையை உடைத்து, பிறகு உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சுடப்படும் ஊழல் போலீஸ் கேப்டன் மெக்ளஸ்கி. உலகம் முழுவதும் அவரை அறிந்தது இதில்தான். ஆனால் அடுத்த ஆண்டு ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய 'தி லாங் குட்பை' படத்தில் அவர் செய்தது அதைவிடப் பெரிது. குடியில் மூழ்கி எழுத்து வற்றிப்போன எழுத்தாளர் ரோஜர் வேட். நரைத்த தாடி, கைத்தடி, முழங்கும் குரல். அந்தப் பாத்திரத்துக்கு முதலில் தேர்வான டேன் பிளாக்கர் இறந்துவிட்டதால்தான் ஹேடனுக்கு வாய்ப்பு வந்தது. பல இடங்களில் அவரே சொந்தமாகப் பேசினார். அப்போது அவர் குடிப்பதும் நடிப்பு அல்ல.

ஒரு விருந்தில், தனக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்டு வந்த குள்ளமான மருத்துவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் வேடின் கன்னத்தில் அறைகிறார். அவரைவிட இரண்டு பங்கு பெரியவரான வேட் எதிர்க்கவில்லை. அப்படியே சுருங்கி, பணத்தைக் கொடுக்க வீட்டுக்குள் போகிறார். கோபிக்கு விழுந்த அறை இருபத்து மூன்று வருடம் கழித்து ஹேடனுக்கு விழுந்ததுபோல இருக்கும்.

அன்றிரவு வேடின் மனைவியும் படத்தின் நாயகனான துப்பறிவாளனும் கண்ணாடிச் சன்னலருகே பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேமரா அவர்களைத் தாண்டி மெல்ல வெளியே போகிறது. தூரத்தில், இருட்டில், ஒரு வெள்ளை உருவம் அலைகளை நோக்கி நடக்கிறது. இவர்கள் கவனித்து ஓடுவதற்குள் அலை மூடிவிடுகிறது. வீட்டு நாய் கடலுக்குள் போய், வேடின் கைத்தடியை மட்டும் கவ்விக்கொண்டு கரைக்கு வருகிறது.

அதன்பிறகு ஹேடன் பதின்மூன்று வருடம் இருந்தார். பிரான்சில் ஆற்றில் நின்ற ஒரு தட்டைப் படகில் வாழ்ந்தார். கடல்வாழ்வைப் பற்றிப் பெரிய நாவல் ஒன்று எழுதி 1976-இல் வெளியிட்டார். 1983-இல் வந்த ஒரு ஜெர்மானிய ஆவணப்படத்தில், அந்தப் படகில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே மணிக்கணக்காகப் பேசுகிறார். பேச்சு எங்கெங்கோ சுற்றி, மறுபடி மறுபடி 1951-க்கே வந்து நிற்கிறது. 1986 மே 23 அன்று, எழுபதாவது வயதில், புற்றுநோயால் சாசலிட்டோவில் இறந்தார். அவர் உட்கார்ந்து எழுதிய 'பெர்க்லி' படகு இப்போது சான் டியேகோ கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.